கொள்ளளவை மாற்றுதல்

பெருங்குடி, மூன்றாம் மாடி.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சதுப்பில்
கூழைக்கடா ஒன்று நின்றபடியே நனைகிறது.
இந்தப் பக்கம் நான்
கிளவுடில் கிடக்கும் டிஸ்க்குகளின்
அளவை மாற்றும் கருவிக்குக்
குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன்.
படிக்கப்போவது மனிதர் இல்லை.
ஏஜெண்ட்.

ஆங்கிலத்தில் எழுதுவதால் தப்பித்தேன்.
தமிழென்றால் முதல் வரியிலேயே மாட்டியிருப்பேன்:
பெருக்கு என்பதா, பெருக்கவும் என்பதா,
பெருக்குக என்று கல்வெட்டுக் குரலில் சொல்வதா.
அதோடு
பெருக்கு என்றாலும் கூட்டு என்றாலும்
நம் வீடுகளில் துடைப்பம்தான் கைக்கு வரும்.
அது எல்லாவற்றையும் பெருக்கித் தள்ளிவிட்டு
முடிந்தது என்று நின்றால்?

போன மாதம் நான் எழுதிய ஒரு வரி:
தேவைப்பட்டால் அளவைக் கூட்டு.
எது தேவை என்று எழுதவில்லை.
சனிக்கிழமை இரவு
அது பதினேழு முறை கூட்டியது.
ஒவ்வொரு முறையும் பணிவாகப் பதிவு செய்தது.
இடம் குறைவு. கூட்டினேன்.
இடம் குறைவு. கூட்டினேன்.
திங்கள் காலை பில்லைப் பார்த்த சந்தானகோபாலன்
டீயைக் கையிலேயே ஆறவிட்டார்.
யாரையும் திட்டவில்லை.
‘தேவைப்பட்டால்’ என்பதில் இருந்த அந்த ‘ஆல்’
எனக்கு மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

எங்கள் மேடவாக்கம் ஃபிளாட்டில்
மோட்டார் சுவிட்சுக்கு மேலே ஒரு அட்டை:
போட்டவரே அணைக்கவும்.
நிரம்பினால் பி-2 பால்கனியில் கொட்டும்.
யார் கையெழுத்தோ.
பதினோரு வருடமாக இதே வேலை பார்க்கிறேன்,
இவ்வளவு சரியாக ஒன்றும் எழுதியதில்லை.
அதைப் பார்த்துத்தான் முதல் பக்கத்தைத் திருத்தினேன்:
கூட்டுமுன் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று அள.
எண்பத்தைந்து விழுக்காட்டுக்குக் கீழே என்றால் தொடாதே.
ஒரு நாளில் இரண்டு முறைக்கு மேல் வேண்டாம்.
யார் கேட்டுக் கூட்டினாய் என்று எழுதி வை.

இரண்டாம் பக்கம், சுருக்குதல்.
அங்கேதான் மூன்று நாளாய் நிற்கிறேன்.
இந்த டிஸ்க்கை நீட்டலாம். குறைக்க முடியாது.
பெனாசிர் ஒயிட்போர்டில் எழுதிக் காட்டினாள்:
சின்னதாய்ப் புதிது ஒன்று எடு.
வேண்டியதை மட்டும் நகலெடு.
சரிபார்.
பெயரை மாற்று.
பழையதை விடு.

வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை.
ஜூன் மாதம், ஒரே நடை, குட்டியானை.
ஃபிரிட்ஜ், மேசை, என் புத்தகங்கள்,
துணி மூட்டை நாலு.
அவன் வாசலில் நின்று
கிரைண்டர் வேண்டாமா என்று கேட்டான்.
அங்கே வைக்க இடமில்லை என்றேன்.
இருந்தது.

நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே
ஒரு படி செருகினேன்:
பழையதை அழிக்குமுன் ஒரு முறை திறந்து பார்.
ஓரத்தில் பெனாசிரின் கேள்வி வந்தது.
சரிபார்ப்பு மூன்றிலேயே முடிந்ததே, இது எதற்கு?
இருக்கட்டும் என்று போட்டேன்.
அவள் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனாள்.

செவ்வாய் இரவு ஒரு மணி.
மழை விட்டுவிட்டுப் பெய்கிறது.
போனில் ஒரு பதிவு:

ஐந்தாம் படி. பழையதைத் திறந்தேன்.
நகல் தொடங்கிய பிறகு
யாரோ இதில் ஒரு கோப்பு வைத்திருக்கிறார்கள்.
புதியதில் அது இல்லை.
அழிக்கவில்லை.
காத்திருக்கிறேன்.

எழுந்து உட்கார்ந்தேன்.
வெளியே, மழை இல்லாத இடைவெளியில்,
பி-2 பால்கனியில் தண்ணீர் கொட்டும் சத்தம்.
யாரோ போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறார்கள்.
நானாகவும் இருக்கலாம்.

பதிலைத் தட்டினேன், தவறிப்போய்த் தமிழில்:
கொஞ்சம் இருங்கள்.
அதை இரு என்று மாற்றினேன்.
மறுபடி இருங்கள் என்று மாற்றி
அனுப்பாமலே போனைக் கட்டிலில் போட்டுவிட்டு
மோட்டாரை அணைக்க
வெறுங்காலோடு இறங்கி ஓடினேன்.